லிஸ்டில் பெயர் உள்ளவர்கள்

தேர்தல் தேதி அறிவித்த இரண்டொரு நாளில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். தலைவர்கள் சிலையைத் துணி போட்டு மூடுவது, சுவர் விளம்பரத்தை வெள்ளையடித்து அழிப்பது, 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனால் கணக்குக் காட்டுவது என்கிற வரிசையில் அது கடைசியாக இருக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரும் அதை உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை. பெரும்பாலானவர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது. எங்கள் வீட்டில் அதைத்தான் முதலில் தேடுவோம். என் தாய்மாமாவிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலையில் செய்த 12 போர் ரகம். எண்பதுகளில் லைசன்ஸ் வாங்கியது.

துப்பாக்கி என்றதும் மீசை முறுக்கிய பண்ணையாரை யாரும் கற்பனை செய்ய வேண்டாம். மாமாவுக்குக் கொங்குப் பக்கம் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் தோட்டம். பாதி குச்சிக்கிழங்கு, மீதி வாழையும் கடலையும். காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கும் அவர் வேலிக்கும் நடுவில் ஒரு வண்டித்தடம்தான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், விடிந்து பார்க்கும்போது கிழங்குக் காடு டிராக்டர் விட்ட மாதிரி கிடக்கும். அதற்காக வாங்கிய துப்பாக்கி. ஆனால் அதை வைத்து அவர் ஒரு பன்றியையும் சுட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், பன்றிகள் ஓடும். இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கும் பழகிவிட்டன, கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கின்றன என்று அவரே சொல்கிறார். மயில் வந்தால் துப்பாக்கி இருக்கும் திசைக்கே போவதில்லை, கையைத் தட்டுவதோடு சரி.

நான் துப்பாக்கிப் பிரியன் இல்லை. ஒரு முறைகூடச் சுட்டதில்லை, சுட ஆசையும் இல்லை. யார் வேண்டுமானாலும் கடையில் போய் வாங்கலாம் என்று ஒரு சட்டம் வந்தால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நம்பர், ஒரு புத்தகம், ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலுக்கு மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு ரசீதும் ஒரு கேள்வியும்

மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு. அடுத்த இரண்டு நாளில் போன். "ஐயா, துப்பாக்கியைக் கொண்டாந்து குடுத்துருங்க." மாமா அதைப் பழைய வேட்டியில் சுற்றி, மேலே ஒரு சாக்கு சுற்றி, காரின் பின்சீட்டில் கிடத்தினார். முந்தின ராத்திரியே தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தோய்த்துக் குழலின் உள்ளே விட்டுத் துடைத்து, வெளியிலும் ஒரு கை பூசி வைத்திருந்தார். ஸ்டேஷனில் இருந்து திரும்பி வரும்போது எப்படியும் துருவோடு வரும் என்பது அவர் அனுபவம்.

ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் தனியாக வைக்க என்று ஓர் அறை கிடையாது. எழுத்தர் மேஜைக்குப் பின்னால், பழைய கேஸ் கட்டுகள் அடுக்கிய மூலையில், ஏற்கெனவே ஐந்தாறு துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் குழலிலும் சணலில் கட்டிய அட்டைத் துண்டு. ஒன்றில் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் பேனா மையில் பாதி கலைந்திருந்தது. எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளில் 'இரட்டைக்குழல் துப்பாக்கி - 1' என்று எழுதி முத்திரை குத்தி நீட்டினார். மாமா வாங்கவில்லை. "ஏனுங்க தம்பி, குழல்ல நம்பர் அடிச்சிருக்குது பாருங்க, அதையும் எழுதிருங்க" என்றார். எழுதினார். "கட்டையில வெடிப்பு ஏதுமில்லைன்னு ஒரு வரி." அதையும் எழுதினார், கொஞ்சம் முகம் சுளித்து. 2021 சட்டமன்றத் தேர்தலில் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது கட்டை ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சில்லு பேர்ந்திருந்தது. யாரைக் கேட்பது?

அப்புறம்தான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். சண்டைக்கு நிற்கிற குரலில் இல்லை, ரேஷன் கடையில் சர்க்கரை எப்போது வரும் என்று கேட்கிற குரலில். "எம்மேல ஒரு பெட்டி கேஸுகூடக் கிடையாது. எதுக்காக என்னோடதை வாங்கி வைக்கறீங்கன்னு ஒரு காகிதம் குடுப்பீங்களா?" எழுத்தர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், எங்களுக்கு டீ சொல்லி அனுப்பியவர். "ஐயா, லிஸ்டுல உங்க பேரு இருக்குது, கூப்பிட்டேன். லிஸ்டுல இல்லாதவனை நான் எங்கீங்க போய்த் தேடறது?" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. அதனால்தான் அது எனக்குச் செரிக்கவே இல்லை. ஒரு மனிதர் அரசாங்கத்திடம் தானாகப் போய், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, நம்பர் இது, வீடு இங்கே, என்று எழுதிக் கொடுக்கிறார். போலீஸ் வந்து அக்கம்பக்கம் விசாரித்து நல்லவர் என்று அறிக்கை தந்த பிறகுதான் கலெக்டர் கையெழுத்துப் போடுகிறார். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதுகூட லைசன்ஸ் புத்தகத்தில் இருக்கிறது, வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் பதிகிறார். இவ்வளவு செய்ததற்குப் பலன், சந்தேகம் வந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போன் வரும். எழுத்தரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு லிஸ்ட்.

விதியில் என்ன இருக்கிறது

வீட்டுக்கு வந்து தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலைத் தேடிப் படித்தேன். எல்லாத் துப்பாக்கியையும் வாங்கி வை என்று அதில் இருக்கும் என நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆட்சியரும் எஸ்.பி.யும் அடங்கிய ஒரு பரிசீலனைக் குழு மாவட்டந்தோறும் உட்கார வேண்டும். ஜாமீனில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் சமயக் கலவரத்தில், சம்பந்தப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு லைசன்ஸாகப் பார்க்க வேண்டும். யாருடையதை வாங்கி வைப்பது அவசியம் என்று முடிவாகிறதோ அவருக்கு நோட்டீஸ் கொடுத்து வாங்க வேண்டும். முடிவு வந்து ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கப்படி ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள சமூகங்களுக்கு இது பொருந்தாது என்றுகூட ஒரு வரி இருக்கிறது. கர்நாடகத்துக் குடகுக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இதே கேள்வியோடு கோர்ட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2009-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு, ஒட்டுமொத்தமாக எல்லோரிடமும் வாங்குவது ஆணையத்தின் அறிவுறுத்தலிலேயே இல்லாதது, குழு ஒவ்வொருவருடையதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லியாயிற்று. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2024 மார்ச்சில் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது: பொது உத்தரவு போட்டு வாங்கக் கூடாது, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாமா அந்த வெள்ளைத்தாள் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதும் அதே மார்ச்சில்தான். ஆக, சிரிப்பு வரவழைத்த அவருடைய கேள்வி, சட்டம் கேட்கச் சொல்கிற கேள்வியேதான்.

பின் ஏன் நடப்பதில்லை? குழு கூடினால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணத்தை நாளைக்கு யாராவது கேள்வி கேட்கலாம். எல்லோரிடமும் வாங்கிவிட்டால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி இடத்தில் நான் இருந்தாலும் அந்தச் சபலம் வரும். வாக்குப்பதிவன்று லைசன்ஸ் துப்பாக்கியால் ஒரே ஒரு சம்பவம் நடந்தாலும், இவனுடையதை ஏன் விட்டு வைத்தாய் என்றுதான் மேலிடம் கேட்கும். அத்தனை பேருடையதையும் ஏன் வாங்கினாய் என்று எந்த மேலிடமும் கேட்காது.

இந்த ஏற்பாடு யாரை மனதில் வைத்து வந்தது என்பதும் தெரியாமல் இல்லை. உள்துறை அமைச்சகக் கணக்கில் 2016 இறுதியில் நாடு முழுக்க இருந்த லைசன்ஸ் 33 லட்சத்துக்கு மேல், அதில் 12 லட்சத்துக்கு மேல் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாராவது சாவது அங்கே வாடிக்கையான செய்தி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்கென்றே இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று பிரிவு சேர்த்தார்கள். (அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லைசன்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது, அது ஒன்றுதான் மாமாவுக்குப் பிடித்த திருத்தம்.) அங்கேயும் உண்மையான தலைவலி கட்டா எனப்படும் லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள்தான். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கை விசாரிக்கும்போது தானாக முன்வந்து கையில் எடுத்துக்கொண்டதும் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிகளின் பிரச்சினையைத்தான்.

நம்மூரில் 2024 தேர்தலுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இல் முடிந்துவிட்டது. ஓட்டு மெஷின்களைப் பூட்டி சீல் வைத்தாயிற்று, கட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போயாயிற்று. ஆனால் முடிவு ஜூன் 4-இல். நடுவில் 46 நாள், பீகாரிலும் வங்காளத்திலும் மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை, எங்கள் ஊர்த் துப்பாக்கிகள் கேஸ் கட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றன. பன்றிகளுக்கு நடத்தை விதி பொருந்தாது போலும். மாமா லட்சுமி வெடியை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொளுத்திப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மாநிலத்தில் ஓட்டு முடிந்தாயிற்றே, திருப்பிக் கொடுக்கலாமே என்று போனில் கேட்டதற்கு, உத்தரவு வரட்டுங்க ஐயா என்று பதில் வந்தது.

மலை மேல் வேறு கணக்கு

மலை மேலே ஏறினால் கதை மாறிவிடும். ஜவ்வாது மலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது ஓர் அறிவிப்புச் செய்யும். நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாக ஒப்படைத்துவிட்டால் வழக்குக் கிடையாது, ஊர்ப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போனாலும் சரி. ராத்திரியோடு ராத்திரியாகப் புதர் ஓரத்திலும் கோயில் திண்ணையிலும் துப்பாக்கிகள் வந்து கிடக்கும். போலீஸ் அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்துப் படம் எடுக்கும். யாருடையது என்று கேள்வி இல்லை. மாமா அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "நம்பர் எழுதலை, கட்டை வெடிச்சிருக்குதான்னு பார்க்கலை, சுலபமா முடிச்சுட்டாங்க" என்றார்.

நானும் முதலில் அவரோடு சேர்ந்து சிரித்தேன். யோசித்தால் சிரிக்க முடியவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால், பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, மறுக்கச் சட்டம் சொல்லும் காரணம் ஏதும் இல்லாவிட்டால், லைசன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றுதான் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த மலைக்காரரை நினைத்துத்தான் அந்த வரியைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 2016 ஆயுத விதிகளின்படி அவர் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் கொண்டுவர வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், தேசியத் தரவுத்தளத்தில் ஏறித் தனி நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பர் இல்லாத லைசன்ஸ் செல்லாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான நிபந்தனை, நானே ஆதரிப்பேன். எல்லாம் சேர்ந்தால், மலையில் இருந்து பஸ் பிடித்து மாவட்டத் தலைநகர் வந்து போகும் ஒரு கூலிக்காரருக்கு அது நடக்காத காரியம். அவர் தாத்தா விட்டுப்போன குழாயைப் பரணில் ஒளித்து வைக்கிறார். மாட்டிக்கொண்டால் அவருக்கு அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் தண்டனை. நரிக்குறவர்களுக்கும் இதுதான் நடந்தது. தலைமுறையாகக் கையில் இருந்தது போய், பாசிமணி மட்டும் மிஞ்சியது.

குடகில் மட்டும் வேறு மாதிரி. 1861-இல் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு, சுதந்திர இந்தியாவிலும் ஆயுதச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் தொடர்கிறது. 2019-இல் அதை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள், 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. லைசன்ஸ் வேண்டாம், விலக்குச் சான்றிதழ் போதும். அரசாங்கத்திடம் அங்கேயும் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது அவர்களுக்குப் பெருமை, கைல்போது பண்டிகையில் துப்பாக்கியைப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அதை எல்லோருக்கும் கொடு என்று நான் கேட்க மாட்டேன். ஒரு சமூகத்தை நம்பலாம், ஐந்து ஏக்கர் கிழங்குக்காரரை நம்ப முடியாது என்பதற்குக் காரணம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் இன்னொரு விதம். கேரளத்தில் 2022-இல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். சுடுவதற்கு ஆள் வேண்டுமே, லைசன்ஸ் வைத்திருப்பவர் யார் யார் என்று தேடினார்கள். அதாவது அங்கே அந்த லிஸ்ட் ஒத்தாசைக்கு ஆகிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் அறிவித்தது வேறு: காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம். மாமாவின் தோட்டம் எதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் கேட்பது

அத்தைக்கு இதில் தனிக் கருத்து. தேர்தல் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். "அது வீட்ல இல்லாத ரெண்டு மாசந்தான் நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்பார். குடித்துவிட்டு வருகிற தோட்டத்து ஆள், கோபக்காரப் பங்காளி, பரீட்சையில் தோற்ற பேரன் என்று யார் யாரையோ நினைத்துப் பயப்படுகிறார். பீரோ சாவியை அவர்தான் இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். அவர் பயத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போவதால் எங்கோ ஒரு வீட்டில் ஓர் உயிர் தப்பியிருக்கவும் கூடும், அதை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. ஆனால் அதுதான் காரணம் என்றால் அதைச் சொல்லிவிட்டு வாங்கட்டும். தேர்தலைச் சாக்காக வைத்து வேண்டாம்.

இப்போது பிரச்சினை மாமாவின் மகனிடம் வந்து நிற்கிறது. மாமா எழுபதைத் தாண்டிவிட்டார். 2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதிப்படி, எழுபது வயதானாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிவிடலாம். மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே வந்துவிட்டான். விண்ணப்பம் எல்லாம் நிரப்பியாயிற்று. கோர்ட் தீர்ப்புகளை நான் அவனுக்கு அனுப்பியதில் இருந்து அவன் சூடாக இருக்கிறான். அடுத்த தேர்தலுக்குக் கூப்பிட்டால் பரிசீலனைக் குழுவின் முடிவை எழுத்தில் கொடுங்கள் என்று கலெக்டருக்கு முன்கூட்டியே மனுப் போடப் போகிறானாம். மனுவை என்னைத்தான் எழுதச் சொன்னான், எழுதியும் கொடுத்தேன்.

மாமா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மொழி நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் மடித்து லைசன்ஸ் புத்தகத்துக்குள் செருகிவிட்டார். வாரிசு மாற்றத்துக்கு விசாரணை அறிக்கை எழுதப் போவது அதே ஸ்டேஷன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும் அதே ஸ்டேஷன்தான். இத்தனை வருடம் அவர் ஏன் அந்தக் கேள்வியைச் சிரித்த முகத்தோடு மட்டும் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "லைசன்ஸ் மொதல்ல உம்பேருக்கு வரட்டும் கண்ணு, கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். வந்த பிறகு மட்டும் கேட்கவா விடப் போகிறீர்கள் என்று அத்தை சமையலறையில் இருந்து கேட்டார்.